கருத்து சொல்றோம், சரி... அது யார் காதில் விழுது?

தக்காளி விலை, ஆஸ்பத்திரி வரிசை, மேடைப் பேச்சு. இந்த மூன்றைப் பற்றியும் கருத்து இல்லாத ஆள் நம் ஊரில் உண்டா? டீக்கடையில் பேசுகிறோம், பஸ்ஸில் பேசுகிறோம், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டும் பேசுகிறோம். பேசலாம், தப்பே இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு நம் எல்லாருக்கும் கொடுத்திருக்கும் உரிமை அது.

கேள்வி வேறு. போன மாதம் நீங்கள் சொன்ன கருத்துகளில் எத்தனைக்குப் பதில் வந்தது? ஒன்றுக்குமே வரவில்லையா? அப்படியென்றால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளிடம் அது போய்ச் சேரவே இல்லை. மனசில் இருக்கும் கருத்தை, ஓர் அலுவலர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மனுவாக மாற்றுவது எப்படி? இந்த மாதப் பாடம் அதுதான்.

முதலில் ஐந்து கேள்விகள்

எந்தக் கருத்தாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

1. என்ன நடந்தது?
2. எங்கே நடந்தது?
3. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?
4. கையில் என்ன ஆதாரம் இருக்கிறது?
5. என்ன செய்யச் சொல்லிக் கேட்கிறேன்?

ஐந்தாவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறோம். ரெண்டு பக்கம் வருத்தத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிப்போம். எது தக்க நடவடிக்கை? படிப்பவர் யூகிக்க வேண்டும். யூகிக்க வேண்டிய மனு மேஜையிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று. மனு எழுத உட்கார்ந்ததும் "தங்கள் பொற்பாதம் பணிந்து" என்று தொடங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தேவையே இல்லை. "ஐயா / அம்மா, வணக்கம்" போதும். நீங்கள் கேட்பது சலுகை இல்லை, சேவை.

பாடம் 1: கடையும் வியாபாரமும்

டீக்கடையில் சொல்வது: "இந்தக் கடைக்காரங்க எல்லாருமே கொள்ளை அடிக்கிறாங்க."

மனுவில் எழுத வேண்டியது: "மே 12 மாலை 6 மணிக்கு, எங்கள் தெரு முனையில் உள்ள கடையில் ரூ.20 என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு ரூ.25 வாங்கினார்கள். குளிர்ச்சிக்காகக் கூடுதல் என்றார்கள். பணம் செலுத்திய யுபிஐ விவரமும் பாட்டில் லேபிளின் படமும் இணைத்துள்ளேன். கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தரவும், கடையை ஆய்வு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்."

முதல் வாக்கியத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு முடியும். பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கடையில் விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தேன் என்பது காரணம் ஆகாது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எடைக்கல், தராசு பற்றிய புகாரும் அங்கேதான்.

ஆனால் ஒரு விவரம் தெரிந்துகொள்ளுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மேஜைக்கு வரும் தண்ணீர் பாட்டில் வேறு கணக்கு. அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் அதிகபட்ச விலைக் கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் ஹோட்டல்காரருடன் மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு.

எங்கே சொல்வது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசியும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை வெளியூரில் இருந்தாலும் சரி. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இதற்கெல்லாம் அடித்தளம் ஒரு துண்டுச் சீட்டு: பில். "பில் வேணாம்ணே" என்று சொல்லும்போதே நம் புகாரில் பாதியை விட்டுக் கொடுத்துவிடுகிறோம். உணவுக் கடை பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் அதை அச்சிட வேண்டும்.

வியாபாரத்தின் மறுபக்கமும் உண்டு. "நடைபாதைக் கடைகளைத் தூக்கிட்டா எல்லாம் சரியாகிடும்" என்று சொல்கிறோம். அந்தக் கடையில்தான் சாயங்காலம் கீரையும் வாங்குகிறோம். 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறது. கணக்கெடுப்பு முடியும் வரை வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். "நடக்க வழி விடுங்கள், கடைக்கு இடம் குறியுங்கள்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் மனுவை உங்கள் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ கொடுக்கலாம்.

பாடம் 2: மருத்துவம்

டீக்கடையில் சொல்வது: "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மருந்தே கிடையாது."

மனுவில் எழுத வேண்டியது: "எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் அம்மாவுக்கு மாதாமாதம் தரும் மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரை ஜூன் 3, 10 ஆகிய இரண்டு நாட்களும் இருப்பில் இல்லை என்றார்கள். வெளியில் வாங்கிய ரசீது இணைப்பில் உள்ளது. மாத்திரை எப்போது கிடைக்கும் என்று தெரிவிக்கவும்."

மருந்தின் பெயரும் தேதியும் ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்து எப்படி வருகிறது என்று பார்த்தால் புரியும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள ஒதுக்கீட்டுக்குள் தேவையானதைக் கேட்டுக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் கணக்கில் ஏறும். ஆக, "மருந்தே கிடையாது" என்றால் தேட இடமில்லை. "இந்த மாத்திரை, இந்தத் தேதி" என்றால் கிடங்கில் இருந்ததா, நிலையம் கேட்டதா, கேட்டும் வரவில்லையா என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். தவறு எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் உங்கள் அம்மாவுக்கு மாத்திரை கிடைக்கும். சர்க்கரை மாத்திரை ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் பற்றிய மனு மாவட்ட சுகாதார அலுவலருக்கு. அரசு தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, தனியார் மருத்துவமனை பற்றியது மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு. யாருக்கு என்று குழப்பமா? 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குக் கையில் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன்பே 1800 425 3993-க்குப் பேசுங்கள். கட்டிவிட்டு ஊருக்கு வந்து புலம்புவதைவிட, வார்டில் நிற்கும்போதே பேசுவது பலன் தரும். வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால் ரசீது கட்டாயம்.

சிகிச்சை விவரங்களைத் தரமாட்டேன் என்கிறார்களா? நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்துவிட்டது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகத் தரப்படும் சிகிச்சை அதில் அடங்காது.

கோபம் வரும் இடம்தான் ஆஸ்பத்திரி. நம் ஆளுக்கு உயிர் போராட்டம், எதிரில் நிற்கும் செவிலியருக்கோ அது அன்றைக்கு நாற்பதாவது நோயாளி. ஆனாலும் கை ஓங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கும் மருத்துவமனைப் பொருட்களைச் சேதப்படுத்துவதற்கும் எதிராக 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. காலையில் நியாயம் உங்கள் பக்கம், சாயங்காலம் வழக்கும் உங்கள் மேல் என்று ஆகிவிடக் கூடாது.

பாடம் 3: அரசியல் பேச்சில் நாகரிகம்

நாகரிகம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. ஆளுங்கட்சியையும் திட்டலாம், எதிர்க்கட்சியையும் திட்டலாம். எதைத் திட்டுவது என்பதில்தான் விஷயம்.

தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. மற்றக் கட்சிகளைப் பற்றிய விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்த காலச் செயல்பாடு, பணி ஆகியவற்றோடு நிற்க வேண்டும். பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட வாழ்க்கைக்குள் போகக் கூடாது. சாதி, மத உணர்வைக் காட்டி ஓட்டுக் கேட்கக் கூடாது. கட்சிகளுக்காக எழுதிய விதிதான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அப்படியே பொருந்தும். "ரோடு ஏன் இன்னும் போடலை?" என்பது கொள்கை, பணி. "அவன் என்ன சாதி, அவன் வீட்டுப் பொம்பளை என்ன பண்றா?" என்பது எதில் சேரும், நீங்களே சொல்லுங்கள்.

தேர்தல் நேரத்தில் விதிமீறலைக் கண்டால் குழுவில் ஃபார்வர்டு செய்யாமல் சி-விஜில் செயலியில் படமோ காணொளியோ எடுத்து அனுப்புங்கள். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

மற்ற நாட்களில் நம் மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது.

பல ஊர்களில் கிராம சபை எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். பத்து நிமிடத்தில் ரெண்டு பேர் ஒருமையில் ஏச ஆரம்பிப்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் புடவையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்களோடு சேர்ந்து குடிதண்ணீர்க் குழாய், ரேஷன் கடை நேரம், பள்ளிக்கூடக் கழிப்பறை எல்லாமே வெளியே போய்விடும். ஏச்சில் ஜெயித்தவர் யாராக இருந்தாலும் தோற்றது அந்தக் கேள்விகள்தான்.

ஆகவே பேசும்போது மூன்று பழக்கம். எதிரில் இருப்பவர் வயதில் சின்னவரானாலும் "நீங்க" என்றே கூப்பிடுங்கள். ஒரு முறை எழுந்தால் ஒரே ஒரு பிரச்சினை. பேசி முடித்ததும், "இதைத் தீர்மானமா எழுதிக்குங்க" என்று கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மரியாதை ஒருவழிப் பாதையும் இல்லை. அலுவலகத்தில் வயதானவர்களை "நீ, வா, போ" என்று பேசினால், அதையும் தேதி, நேரத்தோடு மனுவாக எழுதலாம்.

சமூக ஊடகத்தில் பெயர் போட்டு எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவு அவதூறு பற்றியது. உண்மையை, பொதுநலனுக்காகச் சொல்வது அவதூறு ஆகாது. அப்போது உண்மை என்று காட்ட ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். மறுபடியும் அந்த நாலாவது கேள்விதான்.

மனு கொடுத்தாச்சு, அப்புறம்?

1100-க்குப் பேசலாம், முதல்வரின் முகவரி இணையதளத்தில் பதியலாம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கி, உடனே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனுவைப் பின்தொடர முடியாது. மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது அரசு ஆணை.

சில சமயம் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்து வைத்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் வந்திருக்காது. அங்கே சோர்ந்து போகாதீர்கள். பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மனு கொடுங்கள். கூடவே 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு, "எனது மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது விளக்கம் கேட்பது, தரத் தேவையில்லை என்று சொல்லிவிடலாம். நகல் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு.

இன்றைக்கே செய்து பாருங்கள்

உங்கள் போனில் இந்த வாரம் நீங்கள் அனுப்பிய கோபமான செய்தி ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் வசவுகளை அழியுங்கள். "எல்லாரும்", "எப்பவுமே", "எதுவுமே" ஆகிய மூன்று சொற்களையும் அழியுங்கள். மீதி என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லையென்றால் அது வெறும் ஆத்திரம், ஒரு டீ குடித்தால் போய்விடும். ஒரு இடம், ஒரு தேதி, ஒரு தேவை மிஞ்சியிருந்தால் உங்கள் மனுவில் பாதி எழுதியாகிவிட்டது. ஐந்து கேள்விக்கும் விடை நிரப்பி, சரியான முகவரிக்கு அனுப்புங்கள். மனு எண் வரும் வரை அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.