முதுகெலும்பைச் சுமப்பது கம்பியா, எலும்பா?

முதுகெலும்பு இணைப்புச் சிகிச்சை செய்துகொண்டவரின் எக்ஸ்ரே படத்தில், இருபுறமும் நீண்டு நிற்கும் தண்டுகளையும், அவற்றை எலும்போடு பிணைக்கும் திருகாணிகளையும், இரு தண்டுகளுக்கும் குறுக்கே பூட்டப்பட்ட இணைப்புக் கம்பியையும் காண்கிற உற்றார், இனி ஆயுள் முழுவதும் அவருடைய உடலைச் சுமக்கப்போவது அந்த உலோகமே என்று நம்பிவிடுவது சகஜம்.

அந்த நம்பிக்கை சரியன்று. தளம் இறுகும்வரை கீழே நிற்கிற முட்டுக்கட்டைகளைப் போல, எலும்புகளை அசையாது நிறுத்தி வைப்பது மாத்திரமே உலோகத்தின் காரியம். அவற்றை ஒன்றாக்குவதோ, இடையே வைக்கப்பட்ட எலும்புத் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு பல மாதங்கள் மெல்ல வளரும் ஜீவனுள்ள எலும்பு. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்னும் இரு வைத்தியர்கள் தனித்தனியே இச்சிகிச்சையைப் பிரசுரம் செய்தபோது, அவர்கள் உலோகத் தண்டு எதையும் வைக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்கு எஃகுத் தண்டு பொருத்திய பால் ஹாரிங்டன், ஆரம்பத்தில் எலும்பை இணைக்காமலே தண்டை மட்டும் நம்பினார். தண்டை எலும்போடு பிணைத்திருந்த கொக்கிகள் நழுவின, தண்டுகள் முறிந்தன, நிமிர்ந்த முதுகு மறுபடியும் வளைந்தது. அதன்பின்னரே எலும்பு இணைப்பும் அவருடைய முறையில் இன்றியமையாத அங்கமாயிற்று. எலும்பு கூடாதவிடத்து, ஓயாத அசைவினால் எவ்வளவு உறுதியான உலோகமும் களைத்து முறியும் என்பதை அக்குழந்தைகளின் வேதனையிலிருந்து வைத்திய உலகம் கற்றது. புகைபிடிப்பதை விட்டுவிடும்படி வைத்தியர் வற்புறுத்துவதும் இதனாலேயே; நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தடுக்கிறது.

குறுக்குக் கம்பிகள் கூடக் கூடப் பலமும் கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அக்கம்பி பிரதானமாக எதிர்த்து நிற்பது முறுக்கு விசையை; முன்னும் பின்னும் வளைவதைத் தடுப்பதில் அதன் பங்கு சொற்பம். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பூட்டும் தளர்வதற்கு இன்னோர் இடமாகவும், மெலிந்த தேகத்தில் தோலுக்கடியில் உறுத்தும் புடைப்பாகவும் ஆகக்கூடும். ஆகவே குறுக்குக் கம்பி இல்லாத படத்தைக் கண்டு, வைத்தியர் குறை வைத்துவிட்டார் என்று கலங்க வேண்டியதில்லை.

எலும்பு கூடியபின் உலோகத்தை அவசியம் எடுத்துவிட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். தொற்று, தளர்ச்சி, தீராத உறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தாலொழிய, அது உள்ளேயே இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. பரிசோதனை இனி இயலாது என்ற அச்சமும் பெரும்பாலோர்க்கு வேண்டியதன்று. இன்று மிகுதியாக வழங்கும் டைட்டானியம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. அதன் அருகிலுள்ள பகுதி மட்டும் படத்தில் சற்று மங்கலாகலாம். எந்த உலோகம் பொருத்தப்பட்டது என்ற சிகிச்சைக் குறிப்பைப் பத்திரப்படுத்தி, பரிசோதனைக்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.