கிட்டார் தந்தி போட்டால் உகுலேலே உடையுமா?

"கிட்டார் தந்தியை மாட்டினால் உகுலேலேயின் ப்ரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாமே?" செங்கல்பட்டில் கேட்கிறார்கள், மாமல்லபுரத்தில் கேட்கிறார்கள். கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தும் இதையே கேட்கிறார்கள். அப்படிப் பிய்ந்துபோனதை நேரில் பார்த்தீர்களா என்றால் பதில் இல்லை. யாரோ சொன்னார்களாம். சொன்னவர் ஒரு டேப் எடுத்து அளந்து பார்த்திருக்கலாம்.

ஒரு தந்தியின் இழுவிசை அதன் கனம், நீளம், சுருதி ஆகிய மூன்றையும் பொறுத்தது. அதே தந்தி, அதே சுருதி. நீளத்தை மட்டும் பாதியாக்கினால் இழுவிசை கால்பங்காகிவிடும். நைலான் தந்தி மாட்டும் கிளாசிக்கல் கிட்டாரில் நட்டிலிருந்து ப்ரிட்ஜ் வரை 65 செ.மீ. பாரிடோன் உகுலேலேயில் சுமார் 48, டெனாரில் சுமார் 43. கிட்டாரில் ஏறத்தாழ 7 கிலோ இழுக்கும் முதல் தந்தி, அதே ஈ சுருதியில் பாரிடோனில் 4 கிலோகூட இழுக்காது. டெனாரில் 3 கிலோதான். இது எதைப் பிய்க்கும்?

கணக்கு பிடிக்காதவர்கள் கிட்டாரின் 5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். கீழே இருக்கும் நான்கு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ என்று ஒலிக்கும். தாழ்ந்த ஜி வைத்த உகுலேலேயின் சுருதி அதுதான். அப்போது மிஞ்சும் நீளம் 48.7 செ.மீ. டெனார் அதைவிடக் குட்டை. ஆகவே வழக்கமான சுருதிக்கே ஏற்றினாலும், அந்தத் தந்திகள் கிட்டாரில் இழுத்ததைவிடக் குறைவாகத்தான் இழுக்கும்.

வதந்தி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. பழுதுபார்க்க என்னிடம் வந்த பெயர்ந்த ப்ரிட்ஜ்கள் இரண்டு வகை. ஸ்டீல் கம்பி கட்டியவை ஒன்று; மே மாத வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பூட்டிய காருக்குள் கிடந்து, பசை இளகியவை மற்றொன்று. அக்கூஸ்டிக் கிட்டாரின் ஸ்டீல் கம்பிகள் நைலானைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இழுப்பவை. கம்பி செய்த குற்றத்துக்கு நைலான் தண்டனை அனுபவிக்கிறது.

கிட்டாரும் உகுலேலேயும் ஒன்றுக்கொன்று அந்நியமும் இல்லை. 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் கப்பலில் மதீராத் தீவிலிருந்து ஹொனலூலு வந்திறங்கிய போர்த்துகீசியர்களின் சிறு கிட்டார்தான் உகுலேலேயின் மூதாதை. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் விலங்குக் குடல் நரம்புதான். 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தி செய்து, கிட்டார் கலைஞர் செகோவியா அதை மேடையேற்றிய பிறகு இரண்டுமே நைலானுக்கு மாறின.

உண்மையான தொல்லை நேர் எதிரானது: தொய்வு. டெனாரை டி, ஜி, பி, ஈ என்று இறக்குவது பெரும்பாலும் குரலுக்காக. ஒரு கட்டையில் பிடித்த பாட்டு, விரலை மாற்றாமலே கீழ் ஐந்து கட்டைக்கு வந்துவிடும். நல்ல காரியம்தான். ஆனால் 3 கிலோவில் தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் உரசும். அதனால் ஹார்டு டென்ஷன் செட் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் ஜி தந்தி மந்தமாக ஒலித்தால், அதை மட்டும் கார்பனாக மாற்றுங்கள். அடர்த்தி அதிகம் என்பதால் மெல்லிசாக இருக்கும், கடற்கரை ஈரத்தையும் நைலான் அளவுக்குக் குடிக்காது. தடித்த தந்தி நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காராவிட்டால் பள்ளத்தை அரத்தால் லேசாக அகலப்படுத்த வேண்டும். இல்லையென்றால் முதல் ஃப்ரெட்டிலேயே சுருதி ஏறி நிற்கும். 38 செ.மீ. கான்சர்ட் உகுலேலேயில் இந்த இறக்கமே வேண்டாம்.

கறுப்புத் தந்தி கனமாக ஒலிக்குமாம். சாயத்துக்குச் சுருதி தெரியாது. மீனவர் கடைத் தூண்டில் நரம்பும் தந்தியும் ஒன்றே என்கிறார்கள். கார்பன் நரம்பு என்றால் பாதி உண்மை, பொருள் ஒன்றுதான். ஆனால் அங்கே எத்தனை கிலோ மீன் தாங்கும் என்று பார்த்து வாங்குவார்கள். நமக்குத் தேவை தடிமன். வெள்ளி பூசிய டி தந்தி கறுத்தால் போலிச் சரக்கு என்பது சுத்த அபத்தம்: உப்புக்காற்றும் வியர்வையும் போதும். வாசித்ததும் துடையுங்கள்.

இதில் என் மனக்குறை ஒன்று உண்டு. தாழ்ந்த ஜி-க்கு ஒரே ஒரு டி தந்தி போதும். அதைக் கிட்டார் சுருதியிலிருந்து ஏற்றிக் கட்டினால் ஆயிற்று. அந்த ஒன்றுக்காக ஆறு தந்தி கொண்ட செட்டை வாங்க வைக்கிறார்கள். கடைக்காரர்களே, ஒற்றைத் தந்தி விற்றால் என்ன குறைந்துவிடும்? நான்கு தந்தியையும் மாட்ட முழு செட் வாங்கியவர்கள் மிஞ்சும் ஏ, தாழ்ந்த ஈ இரண்டையும் குப்பையில் போடாதீர்கள். கிட்டாரில் முதலில் தேய்ந்து ஓய்வது சுற்றுக்கம்பித் தந்திகள்தாம். தெருவில் கிட்டார் பழகும் பிள்ளை யாராவது இருப்பார்கள், கொடுத்துவிடுங்கள்.