உப்பின் மேல் நிற்கும் நல்ல தண்ணீர்

அன்பு மகளுக்கு,

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கிணற்றில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று கேட்டிருந்தாய். செய்யூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை கரையோர மணல்மேட்டில் வழிந்து ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். நிலத்துக்கு அடியில் கடலின் உப்புநீர் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். நல்ல தண்ணீர் அதைவிட எடை குறைந்தது. அதனால் கலந்துவிடாமல் மேலே நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்திலும், பிறகு ஜெர்மனியிலும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர்தான். இதைத் திருப்பிப் போட்டுப் பார். மோட்டார் வைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், நாளடைவில் உப்பு 40 மீட்டர் மேலேறும். அப்படி உப்பேறிய கிணறு பழைய சுவைக்குத் திரும்பப் பல மழைக்காலம் பிடிக்கும்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணல்மேட்டுத் தண்ணீரைக் குடித்தது. அளவு மீறி எடுத்ததில் உப்பு ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து அதே மணலுக்குள் விடுகிறார்கள். நமக்கு ரைன் இல்லை, மழையும் ஏரியும்தான்.

மேற்கே ஏரி நிரம்பி நின்றால்தான் நிலத்தடி நீர் கிழக்கே தள்ளி, கடலைத் தடுத்து நிறுத்தும். ஓர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியே கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயை ஒருவர் மடக்கிப் போட்டால் கீழே உள்ள ஊர்கள் அத்தனைக்கும் நட்டம். உத்திரமேரூர்க்காரர்கள் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் வைத்து, குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் வரப்போவதாகச் சொன்னபோது, மக்கள் ஏரிகளையும் பனையூர் மணல்மேடுகளையும் முன்னிறுத்தித்தான் எதிர்த்தார்கள். அவர்கள் கவலை சரியானது. அந்த நிலையம் கட்டப்படவில்லை.

வடக்கே நெம்மேலியில் 2013-இல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். உப்பைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். மழையைச் சேர்த்துவைக்க மணல்மேடு ஒரு யூனிட்கூடக் கேட்பதில்லை. அந்த மணலை லாரியில் அள்ளிக் கொடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. புரட்டாசியில், மழைக்கு முன், தோழிகளோடு வரத்துக் கால்வாயை ஏரியிலிருந்து மேல்நோக்கி நடந்து பார். குப்பை எங்கே கொட்டுகிறார்கள், கழிவுநீர் எங்கே சேர்கிறது, கரை எங்கே உழப்பட்டிருக்கிறது, எல்லாம் குறித்துக்கொள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தைக் காட்டச் சொல்லி, அந்த இடங்களின் சர்வே எண்களையும் எழுது. அக்டோபர் 2 கிராம சபையில் பெரியவர்களோடு போய் அதைப் படி. தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்களோடு ஏறியதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா