லாகூர்க் கல்யாணத்துக்குப் போகும் தங்கைக்கு



கோலாலம்பூரில் உங்களோடு படித்த லாகூர்த் தோழி தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், போக ஆசை, அம்மா விடமாட்டேன் என்று நிற்கிறார் என எழுதியிருந்தீர்கள். பயமில்லாமல் போய்வரலாமா, கையோடு என்ன கொண்டுபோகலாம் என்று இரண்டு கேள்வி. இரண்டாவது சுலபம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலாவதற்கு ஒரு சொல்லில் பதில் எழுதினால் அம்மா என்னை நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

பாகிஸ்தான் போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டாக்சிக்காரர் காசு வாங்க மறுத்தார், வழி கேட்ட கடைக்காரர் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார், இப்படியொரு உபசரிப்பை எங்குமே கண்டதில்லை. இதைச் சொல்வதற்கென்றே யூடியூபில் ஒரு படை இருக்கிறது. சொல்வது உண்மைதான், எனக்கும் அப்படியே நடந்தது. ஆனால் சொல்பவர்களில் அநேகம் பேர் ஆண்கள். ஆண் விருந்தாளிக்கு அந்த நாட்டில் வீட்டின் ஒரு அறைதான் தெரியும்.

பஞ்சாபில் அந்த அறைக்கு பைட்டக் என்று பெயர். தெருப்பக்கமாக அதற்கென்று தனிக் கதவு இருக்கும். வருபவர் அந்தக் கதவால் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, அதே கதவால் போய்விடலாம். உள்வீட்டுப் பெண்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. சிந்துவின் கிராமங்களில் இதை வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனிக் கட்டடமாகவே கட்டிவைப்பார்கள். பெஷாவர்ப் பக்கம் பஷ்தூன் ஊர்களில் ஹுஜ்ரா என்பார்கள். சில இடங்களில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்றுதான். கயிற்றுக் கட்டில்கள், ஏலக்காய் போட்ட பச்சைத் தேத்தண்ணீர், தங்குபவருக்கு மெத்தையும் கம்பளியும். ஊர்ப் பஞ்சாயத்தும் அங்கேதான் கூடும், இழவு கேட்க வருபவர்களும் அங்கேதான் இருப்பார்கள். பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைவாசல் என்று ஒன்று இருந்ததை உங்கள் அம்மம்மா சொல்லியிருப்பார். அதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். உங்கள் தோழியின் வீடு புதிய குடியிருப்பில் இருக்கும் பங்களாவாக இருந்தாலும் பாருங்கள், டிரோயிங் ரூமுக்குப் போர்டிகோவிலிருந்தே ஒரு கதவு இருக்கும்.

விருந்தோம்பல் அந்த நாட்டில் ஆளின் குணம் மட்டுமல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். வீடு கட்டும்போதே விருந்தாளிக்கு இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கஞ்சனாக இருந்தாலும் அந்த அறை இருக்கிறது, அதில் யாராவது வந்து உட்காரத்தான் போகிறார்கள்.

பெண்ணாகப் போவதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. வெளிநாட்டவள் என்பதால் முன்னறையில் ஆண்களோடும் இருத்துவார்கள். பெண் என்பதால் உள்ளேயும் கூட்டிப்போவார்கள். உள்ளே போய்விடுங்கள். முன்னறையில் அரசியலும் கிரிக்கெட்டும்தான் ஓடும், அதை எங்கேயும் கேட்கலாம். நாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வேண்டும்.

குளிர்காலத்து லாகூரில் குழாய் காஸ் நாள் முழுக்க வராது. பஞ்சாபின் தேவை ஏறிவிடும், எரிவாயு வயல்களில் எடுக்கும் அளவு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு போகிறது. ஆகவே காலை, மதியம், இரவு என்று சமையல் வேளைக்கு மட்டும் சில மணி நேரம் விடுவார்கள். வாலைச் சுருட்டிய பூனையைப் போல நீலமாய் ஒரு சின்னச் சுடர், அதற்கு முன்னால் மூன்று பெண்கள் கோர்மாவையும் பிலாவையும் ரொட்டியையும் ஒப்பேற்றுவார்கள். நான் இருந்த வீட்டில், விருந்தாளி அல்லாவின் அருள் என்று மாமியார் வழக்கமான வாசகத்தைச் சொன்னார். மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகள் தலையை நிமிர்த்தாமலே, அருள் எப்போதும் காஸ் நிற்கிற நேரத்தில்தான் வரும் என்றாள். மாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அன்று முன்னறைக்குப் போன தட்டுகளில் நல்ல துண்டுகள் எல்லாம் போய், பிள்ளைகள் சாப்பிட்டு, அந்த மருமகள் உட்கார்ந்தபோது குழம்பில் உருளைக்கிழங்குதான் மிஞ்சியிருந்தது. முன்னறையில் இருந்திருந்தால் நானும் கோர்மாவின் ருசியை மட்டும் எழுதியிருப்பேன்.

இதைக் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அது அவமானம். மெதுவாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். தட்டு காலியானால் நிரப்புவார்கள். போதும் என்றால் வெட்கப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே தட்டில் எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும். மரக்கறிக்காரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னாலும் கோழியைக் கொண்டுவந்து, இதில் இறைச்சி இல்லை என்பவர்கள் உண்டு. விருந்தாளிக்குப் பருப்பு வைப்பது அவர்களுக்குக் கூச்சம். நீங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினால் அந்தக் கூச்சம் போகும்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. கல்யாண விருந்தில் எத்தனை கறி வைக்கலாம் என்று பஞ்சாபில் சட்டமே இருக்கிறது. 2016இல் வந்தது. ஒரு சாலன் (குழம்பு), ஒரு சோறு, ரொட்டி, சலாது, ஒரு இனிப்பு. அதற்கு மேல் கூடாது. மண்டபத்தை இரவு 10 மணிக்குள் மூடவும் வேண்டும். விருந்து வைத்தே கடனில் மூழ்குகிற குடும்பங்கள் அத்தனை. எந்த நாட்டிலாவது உபசரிப்பைக் குறைக்கச் சொல்லி அரசு பொலிசை அனுப்பியிருக்கிறதா! மெஹந்தியை வீட்டில் வைப்பவர்களும் நகருக்கு வெளியே பண்ணைவீடு பிடிப்பவர்களும் சட்டத்தை எப்படிச் சுற்றிப்போகிறார்கள் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். பராத் அன்று பெண் வீட்டார் விருந்து, வலீமா அன்று மாப்பிள்ளை வீட்டார் விருந்து. அட்டையில் 7 மணி என்றிருந்தால் அவசரப்பட்டு உடுத்தாதீர்கள்.

ஒரு காலைப்பொழுது ஒதுக்கி தாதா தர்பாருக்குப் போய்வாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் கஸ்னி பக்கமிருந்து வந்து லாகூரில் அடங்கிய அலி ஹுஜ்வீரியின் சமாதி அது. சுற்றிலும் தேக்சா என்னும் பெரிய அண்டாக்களில் சோறும் பருப்பும் ஆக்கி வைத்திருக்கும் கடைகள். வேண்டுதல் உள்ளவர் வந்து ஒரு தேக்சாவுக்குக் காசு கட்டுவார், கடைக்காரர் அங்கேயே வரிசையில் நிற்பவர்களுக்குப் போட்டுத் தீர்ப்பார். கொடுத்தவர் யார் என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது, சாப்பிட்டவர் யார் என்று கொடுத்தவர் கேட்பதில்லை. 2010 ஜூலை 1ஆம் திகதி இரவு இங்கே தற்கொலைக் குண்டு வெடித்து 40க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போது வாசலில் உடல்சோதனை உண்டு. சோறு நிற்கவில்லை. வீடுகளில் கண்ட உபசரிப்பைவிட எனக்கு இதுதான் பெரிதாகப்பட்டது. இங்கே யாரும் முகம் பார்த்துப் போடுவதில்லை.

இலங்கை என்று சொன்னதும் லாகூர்க்காரர் முகம் மாறுவதைக் கவனிப்பீர்கள். 1996 மார்ச் 17ஆம் திகதி நாம் உலகக் கிண்ணம் வென்றது அவர்களுடைய கடாபி மைதானத்தில். அரவிந்த டி சில்வாவின் சதத்துக்கு அன்று எழுந்து நின்று கைதட்டியதாகச் சொல்லும் ஆட்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணினால் மைதானம் கொள்ளாது. அதே மைதானத்துக்குப் போகும் வழியில்தான் 2009 மார்ச் 3ஆம் திகதி நம் அணியின் பஸ்ஸைச் சுட்டார்கள். முரளிதரனும் அதில் இருந்தார். ஆறு பொலிசாரும் பொதுமக்கள் இருவரும் செத்தார்கள். சாரதி மெஹர் முகமது கலீல் பஸ்ஸை நிறுத்தாமல் மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் பஸ்ஸில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த நாட்டில் டெஸ்ட் ஆட்டமே இல்லை. 2019 டிசம்பரில் முதலில் திரும்பிப் போனதும் நாம்தான். ஆகவே உங்களிடம் சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். டாக்சிக்காரர் காசு வேண்டாம் என்பது உங்கள் முகத்துக்காக மட்டுமல்ல, அந்தக் கணக்கும் சேர்த்துத்தான். இரண்டு தடவை மறுத்த பிறகும் நீட்டுங்கள், மூன்றாவதில் அநேகமாக வாங்கிக்கொள்வார். அவருக்கும் பெற்றோல் செலவு இருக்கிறது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் சியால்கோட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். 2021 டிசம்பர் 3ஆம் திகதி அங்கே ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் முகாமையாளராக இருந்த நம் நாட்டவர் ஒருவரை, மதநிந்தனை செய்தார் என்று சொல்லி, அங்கே வேலை செய்தவர்களும் சேர்ந்த கூட்டம் அடித்துக் கொன்று எரித்தது. தடுக்கப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்குப் பிறகு அரசு வீரப் பதக்கம் அறிவித்தது. 2022இல் ஆறு பேருக்கு மரணதண்டனை விதித்தார்கள். இதை ஒரு ஊர்க் கலவரம் என்று தள்ளிவைத்துவிட்டு உபசரிப்பைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நான் யோசித்துப் பார்த்த வரையில், கொல்லப்பட்டவர் அங்கே விருந்தாளியாக இல்லை. வேலை வாங்குகிறவராக, அங்கேயே இருப்பவராக இருந்தார். முன்னறையின் பாதுகாப்பு வந்துபோகிறவருக்கு. தங்கிவிட்டவர் வேறு கணக்கில் போகிறார். ஆப்கானியரைப் பாருங்கள். 1979க்குப் பிறகு லட்சக்கணக்கில் வந்தவர்களுக்கு எல்லைப்புறத்து மக்கள் இடம் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. பெஷாவரில் நீங்கள் சாப்பிடும் நானை ஒரு ஆப்கானியர் சுட்டிருக்கலாம். 2023 அக்டோபரில் அரசு, பதிவில்லாதவர்கள் நவம்பர் 1க்குள் போய்விட வேண்டும் என்று அறிவித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கட்டிலையும் தகரப் பெட்டியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, கண்டிராத நாட்டுக்குப் போனார்கள்.

அவர்களை மட்டும் சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. பாகிஸ்தானில் இருக்க முடியாமல் ஓடிவந்த அஹமதியா முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். குழந்தைகளோடு பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்தார்கள். அகதி என்றால் என்ன என்று மற்ற எவரையும்விடத் தெரிந்த நாமும் அந்த நாட்களில் பெரிதாக வாய் திறக்கவில்லை.

ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்கு, அழைத்தவர்களின் கூரைக்குக் கீழே, குறித்த நாளுக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு அந்த ஊரில் கிடைக்கும் கவனிப்பும் காவலும் இங்கே கொழும்பில் கிடைக்குமோ தெரியாது. போகலாம். நானாக இருந்தால் என் மகளை அனுப்புவேன். மதத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் கலந்துகொள்ள வேண்டாம், பகிடியாகவும் வேண்டாம். நீங்கள் என்ன சமயம் என்று கேட்பார்கள்; உள்ளதைச் சொல்லுங்கள், அதோடு விடுங்கள். சோதனைச்சாவடிகளைப் படம் எடுக்காதீர்கள். வெளியே போகும்போது தோழியின் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எப்படியும் கூடவே ஒரு தம்பியை அனுப்புவார்கள். அது எரிச்சலாக இருக்கும். பழகிவிடும்.

இனி, கொண்டுபோக வேண்டியது. தேயிலை. ஆனால் நுவரெலியாவின் மெல்லிய வாசத் தேயிலையை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அவர்கள் தண்ணீரே விடாமல் பாலிலேயே இலையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள். கடுஞ்சாயம் இறங்கும் தூளாக, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை வாங்குங்கள். 2022 ஜூனில் அங்கே டொலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமைச்சர் அஹ்சன் இக்பால் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை குறைத்துக் குடியுங்கள் என்றார், ஊரே சிரித்தது. அதே மாதம் நாம் பெற்றோல் வரிசையில் நின்றோம். வெற்றிலை வேண்டாம், நம் வெற்றிலை கராச்சிக்கு ஏற்கனவே பெட்டி பெட்டியாகப் போகிறது.

மணமக்களுக்கு உறையில் காசு, சலாமி என்பார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று பார்த்து வைத்துக்கொள்ள ஒரு அத்தை இருப்பார். 1950களில் பஞ்சாப் கிராமம் ஒன்றில் வருஷக்கணக்கில் தங்கியிருந்த செகியே எக்லார் என்ற மானிடவியலாளர் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு புத்தகமாகவே எழுதினார், 1960இல் வந்தது. வாங்கியதைச் சரிக்குச் சரி திருப்பிக் கொடுப்பது அங்கே உறவை முறிப்பதற்குச் சமம். கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக் கணக்கைத் திறந்தே வைக்க வேண்டும். அந்தக் கணக்கை நடத்துபவர்கள் பெண்கள். ஆகவே நீங்கள் புறப்படும்போது தைக்காத உடுப்புத் துணி ஒன்றைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று வாதாடாமல் வாங்குங்கள். நீங்கள் ஒரு பொருள் மேலதிகமாக எடுத்துப்போங்கள், மணப்பெண்ணுக்கோ தாய்க்கோ அல்ல, அந்த வீட்டில் ரொட்டி சுடுபவளுக்கு. அவள் மருமகளாக இருந்தாலும் சரி, வேலைக்கு வருபவளாக இருந்தாலும் சரி, ஆள் பார்த்து, தனியாகக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மொஹஞ்சதாரோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். லாகூரிலிருந்து அது வெகு தூரம், இந்தப் பயணத்தில் வேண்டாம். டிசம்பர் கடைசி என்றால் காலையில் மூடுபனி இறங்கி விமானங்கள் பிந்தும். கொழும்புக்குத் திரும்பும் நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பளிச் சட்டை தடிப்பாக எடுங்கள், காஸ் இல்லாத வீட்டில் ஹீட்டரும் எரியாது.