புதுத் தோல்வாரும் பழைய சவரக்கத்தியும்

கபடம் பேசும் நாவுக்குச் சவரகன் கத்தியை ஒப்பாகக் கூறுகின்றது 52ஆம் சங்கீதம். பாடினியின் செவிக்குக் கத்தரிகையின் கைப்பிடியை உவமையாக்கிற்றுப் பொருநராற்றுப்படை. மயிர் களையும் கருவிகள் இங்ஙனம் நூல்களில் இடம் பெற்றிருக்க, அக்கருவியைக் கூராக வைத்திருக்கும் தோலை நினைப்பார் அரியர். அத்தோலைக் குறித்து, அதிலும் விலைகொடுத்து வாங்கிய புதிதே குறையுடையதாய் வந்து சேர்ந்தால் செய்யத்தக்கது யாதென்பதைக் குறித்து, ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். முடிதிருத்தகங்களில் இன்று மாற்றி எறியும் அலகே வழக்காகிவிட்டமையின், இது யாருக்குப் பயன்படும் என்று நண்பர் சிலர் நகைத்தனர். நம் விடுதியில் மடக்குக் கத்தியால் மழித்துக்கொள்வார் மூவர் உளர், அம்மூவருக்கேனும் பயன்படுக.

முதற்கண், தோல்வார் செய்யும் தொழில் யாது? சாணைக்கல் எஃகைத் தேய்த்துப் புதிய வாயை உண்டாக்குவது. தோல் அவ்வளவு செய்வதன்று. மழித்தபின் கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்பகுதிகள் இப்புறமும் அப்புறமும் மடிந்து கிடக்கும். அலகின் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர, இறுக இழுத்துப் பிடித்த தோலின்மேல் அதனை மெல்ல நடத்தினால், மடிந்தவை நிமிர்ந்து ஒருமுகப்படும். சிறிது மெருகும் ஏறும். கல்லின்மேல் வாய் முன்செல்லும். தோலின்மேல் முதுகே முன்செல்லும். இவ்வேறுபாட்டை மறந்தவன் முதல் வீச்சிலேயே தோலை அறுத்துவிடுவான். திருப்பும்போதும் முதுகின்மேல் உருட்டித் திருப்புதல் வேண்டும். நம் நாட்டு நாவிதர் பலர் தோல்வாரும் இன்றி உள்ளங்கையிலேயே தீட்டிவந்தனர். உள்ளங்கையும் பதமான தோலே.  புதியோர் அதனைப் பின்பற்றாதிருப்பது நலம்.

கத்தியின் வாய் எத்துணை மென்மையானது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மனிதமயிர் எஃகினும் ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானதாயிருந்தும் மழிக்கும்போது அலகின் வாயைச் சில்லுப் பெயர்க்க வல்லது என்று காட்டினர். மயிர் வளையும், அதனோடு எஃகின் நுண்வாயும் பக்கவாட்டில் வளையும், எஃகின் உள்ளமைப்பு ஒருசீராயில்லாத இடத்தில் சில்லு தெறிக்கும். மயிரே இது செய்யுமாயின், தோலில் பதிந்துள்ள ஒரு மணற்பொடி என்ன செய்யாது? மணலோ கத்தியின் எஃகினும் கடியது.

இனித் தோலின் குறைகள். விலங்கின் முதுகுப்பகுதித் தோல் நார் நெருங்கி உறுதியாயிருக்கும்; வயிற்றுப்பகுதித் தோலின் நார் தளர்ந்திருக்கும். வயிற்றுப்பக்கத்தினின்று அரிந்த வார், இழுக்கும்போது ஒருபுறம் நீண்டு மறுபுறம் நீளாது நிற்கும். தொங்கவிட்டால் வாழைப்பழம்போல் வளையும். இது தீராத குறை. மரப்பட்டைச் சாற்றிற் பதனிட்ட தோல் இதற்கு ஏற்றது. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் நம் நாட்டினின்று கப்பலேறிய காலமும் உண்டு. குரோமிய உப்பிற் பதனிட்டது பெரும்பாலும் மிகுதியாக நெகிழும். காலணிக்கு நன்று, கத்திக்கு அத்துணை நன்றன்று. இனி, தோலின் குறையை மறைக்க மேலே வண்ணப்பூச்சுப் பூசி மினுக்கிவிடுவதும் உண்டு. அதன்மேல் கத்தி கண்ணாடிமேற் செல்வதுபோல் வழுக்கிச் செல்லும். கைக்கு உணர்த்தவேண்டிய இழுவை சிறிதும் இராது. கடைப்பெயரைக் கத்தி நடக்கும் இடத்திலேயே ஆழமாக அச்சுக்குத்தி அனுப்புவாரும் உளர். விளம்பரம் அவருக்கு, பள்ளம் நமக்கு.

நமக்கு நேர்ந்ததைக் கூறாது விடின் இக்கட்டுரை எழுந்த காரணம் விளங்காது. நம் பாட்டனார் தம் தந்தையாரிடமிருந்து பெற்ற ஜெர்மனி நாட்டுச் சோலிங்கன் கத்தி ஒன்றைக் கல்லூரி சேர்ந்தபோது நமக்கு அளித்தனர். அதனோடிருந்த பழைய வார் செல்லரித்துப் போயிற்று. உபகாரச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் புதுவார் ஒன்று தருவித்தோம். 3 அங்குல அகலம், பார்வைக்கு அழகு. சிறு பெட்டியில் அடங்கவேண்டி அதனை இறுகச் சுருட்டி அனுப்பியிருந்தனர். விரித்தபோது நடுவில் நெடுக ஒரு மேடு தெரிந்தது. தொங்கினால் சரியாகும் என்று எண்ணி, ஆர்வ மிகுதியால் உடனே மாட்டுக்குளம்பெண்ணெய் தடவி, சன்னற் கம்பியில் மாட்டி, முப்பது முறை தீட்டினோம். ஒவ்வொரு முறையும் இடப்பக்கத்து ஓரிடத்தில் "டிக்" என்று ஒரு சிற்றொலி கேட்டது. கேட்டும் பொருட்படுத்தினோமில்லை.

மறுநாள் காலை ஆராதனைக்கு முன் மழிக்கத் தொடங்கியபோது, கத்தி மோவாயின்கீழ் மயிரை இழுத்தது. பின் தோலையும் கீறிற்று. தாவரவியல் மாணவர் ஒருவரிடம் உருப்பெருக்கியை இரந்து பெற்றுப் பார்க்க, வாயில் இரண்டு பொளிவுகள் தோன்றின. வாரை விரலால் தடவினோம். தோலின் நாருக்குள் கடுகினும் சிறிய கற்பொடி ஒன்று அழுந்திக் கிடந்தது. பாட்டனாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். அவர் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "கல்லை வைத்து அனுப்பினது அவன் பிழை, பாராமல் தீட்டினது உன் பிழை, ஐயா," என்றார்.

விற்றவருக்குப் படத்துடன் எழுதினோம். எண்ணெய் தடவிய பொருளைத் திரும்பப் பெறுவதற்கில்லை என்று மறுமொழி வந்தது. அவர்மேல் நமக்குச் சினம் உண்டு. ஆயினும் எண்ணெயைப் பற்றி அவர் கூறியது பொய்யன்று. ஆதலின் புதுவார் வந்தவுடன் செய்யவேண்டுவன இவை: எண்ணெயும் பசையும் இடாமுன், உப்புத்தாள் தீண்டாமுன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தி தீண்டாமுன் சோதித்தல் வேண்டும். எஃகு அடிக்கோலின் விளிம்பை வாரின் குறுக்கே நிறுத்தி விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், ஒளி கசியும் இடம் பள்ளம். பஞ்சுத் துணுக்கை மெல்ல இழுத்துச் சென்றால், இழை சிக்கும் இடத்தில் பொடியோ பிசிறோ உண்டு. விரலினும் பஞ்சு இதனை நன்கு காட்டும். கொக்கியில் மாட்டி இழுத்து, இரு விளிம்பும் ஒத்த இறுக்கமுடையனவா என்று பார்க்க. விளிம்பு தளர்ந்ததும், நடுவில் ஆழ்ந்த வடுவுள்ளதும், பூச்சு உரிவதும் அப்படியே திருப்பி அனுப்பத்தக்கன. சுருட்டியதனால் வந்த மேட்டை நாமே திருத்திக்கொள்ளலாம்.

திருப்ப இயலாத நாம் திருத்தப் புகுந்தோம். முதலில் ஊசிமுனையால் கற்பொடியை அகழ்ந்தெடுத்தோம். சிறு குழி ஒன்று எஞ்சிற்று. பின் வாரின் பின்புறத்தை ஈரத்துணியால் அளவாகத் துடைத்து, இரு பலகைகளுக்கிடையே வைத்து, மேலே வின்சுலோ ஐயரின் அகராதியை ஏற்றினோம். 1862இல் சென்னையில் அச்சேறிய அந்நூலின் மறுபதிப்பு நம்மிடம் உண்டு. அதன் கனம் தேர்வுக்காலத்திலன்றி இவ்வாறும் உதவுமென்று அதுவரை அறிந்திலோம். மூன்று நாளில் மேடு பெரும்பாலும் தணிந்தது. நன்கு உலர்ந்தபின், கண்ணாடிப் பலகையில் 400ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் வாரின் முகத்தை மெல்லத் தேய்த்து, 600ஆம் எண்ணால் முடித்தோம். பூச்சு நீங்கிற்று; உள்ளிருந்த தோலின் இயல்நிறம் வெளிப்பட்டது. தேய்த்தபின் தூளை ஈரத்துணியால் பலமுறை ஒற்றி எடுத்தல் இன்றியமையாதது. உப்புத்தாளின் ஒரு துகள் தங்கினும் மீண்டும் பழைய கதையே. கடைசியாக எண்ணெய் இரண்டே துளி இட்டு, கண்ணாடிப் புட்டியால் நெடுக உருட்டினோம். எண்ணெய் மிகின் தோல் நைந்து, கத்தியின் அழுத்தத்தில் குழையும். குழைந்த தோல் வாயைச் சுற்றி எழுந்து அதனை மழுக்கும்.

கத்தியைத் திருத்துவது இதனினும் நெடிது. 1000ஆம் எண் கல்லில், முதுகும் வாயும் ஒருங்கே படிய, பொளிவு மறையுமளவும் தேய்க்கவேண்டும். பொளிவை அடைப்பதற்கில்லை; பொளிவின் அடிமட்டம்வரை எஞ்சிய வாய் முழுவதையும் தேய்த்துத் தாழ்த்துவதே வழி. இரண்டு மாலைகள் அதற்கே சென்றன. பின் 8000ஆம் எண் கல்லில் மெருகிட்டோம். கல் நீரில் கலந்தோடிய கரிய சேறு, மூன்று தலைமுறை காத்துவைத்த எஃகு என்பதை நினைக்குந்தோறும் கை தயங்கிற்று. அகலத்திற் குறைந்தது மயிரிழையளவே எனினும் குறைந்தது குறைந்ததே.

இப்பொழுது வாரின் இடப்பக்கம் அரை அங்குலத்தை மைக்கோடிட்டு விலக்கியிருக்கிறோம். எஞ்சிய இரண்டரை அங்குலத்தில் 3 அங்குல அலகை நேராக நடத்த இயலாது. ஆதலின் குதிப்புறத்தில் தொடங்கிக் குறுக்காக இழுத்து நுனிப்புறத்தில் முடிக்கின்றோம். நாளும் துணிப்பட்டையில் இருபது, தோலில் நாற்பது. அழுத்தம் கத்தியின் எடைக்குமேல் வேண்டா.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாரையும் கத்தியையும் ஊருக்குக் கொண்டுசென்றோம். பாட்டனார் கண்ணாடியைத் துடைத்து அணிந்து, முதலில் கத்தியின் வாயை வெளிச்சத்திற் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. பின் வாரைக் கதவுக் கொண்டியில் மாட்டி, குழியைத் தேடிக் கண்டு, அதனைப் பெருவிரலால் மூடிப் பார்த்தார். "இழுவை இன்னும் வரவில்லை," என்று சொல்லி, கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையால் அத்தோலை மேலும் கீழுமாக உரசத் தொடங்கினார். காலைக் காப்பி ஆறும்வரை உரசிக்கொண்டிருந்தார்.