பயிர்க்கடனும் மாத வட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் ஆடி மாதத்தில் விதைப்புச் செலவும் விருந்தாளிச் செலவும் சேர்ந்தே வருகின்றன. பயிருக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதி துணிமணிக்குப் போய்விட, மேலுரத்துக்கு வெளியில் வட்டிக்கு வாங்க நேர்கிறது.

‘மூன்று வட்டி’ என்றால் கேட்கச் சிறிதுதான். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். 30,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி 5,400 ரூபாய். தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அதை அரசு ஏற்கிறது. தவணை தவறினால் இச்சலுகை கிடையாது. எனவே கடன் வாங்கும் அன்றே தவணைத் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வாரத்தில் தனியாரிடம் புரட்டிக் கட்டி, புதுக்கடன் வந்ததும் அடைக்கலாம் எனச் சிலர் நினைக்கின்றனர். புதுக்கடன் தாமதமானால் அத்தனை நாளும் வட்டி ஓடும். வந்த கடனும் வயலுக்குப் போகாமல் வட்டிக்காரரிடம் போகும். கறவை மாடு வைத்திருப்போருக்கு இதற்கு வழியுண்டு. பால்கோவா ஊரில் பாலுக்குக் கிராக்கி குறைவதில்லை. பால் பணத்தில் மாதம் 1,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால் பத்து மாதத்தில் 10,000 ரூபாய் தவணைக்குத் தயாராக இருக்கும்.

ராஜபாளையம் மாந்தோப்புக்காரர்கள் பூவிலேயே முன்பணம் வாங்குவதானால், காய்க்கு என்ன விலை, கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வாங்குவது நல்லது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. யாரிடம் கடன் வாங்கினாலும் எழுதாத பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது. கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற வேண்டும்.