"எஞ்சின் புதுசாக் கட்டினது" என்றால் ஆறு எண்களைக் கேளுங்கள்

அகதி அந்தஸ்து கிடைத்து, லைசென்சும் எடுத்தபின் பலர் தேடுவது மலிவான பழைய கார். போன மாதம் ஒரு தம்பி வந்தார். "ரீச்சர், மஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஒன்று மலிவா வருகுது. எஞ்சின் புதுசாக் கட்டினதாம், எம்.ஓ.ரி.யும் இருக்காம்" என்றார்.

முதலில் ஒன்று: எம்.ஓ.ரி. சோதனை எஞ்சினின் உள்நிலையைப் பார்ப்பதில்லை.

இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு றோட்டர்கள் சுழலும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம். ஆக ஆறு அறைகள். மூலையில் உள்ள சீல் தேய்ந்தால் அமுக்கம் குறையும். ஓடிச் சூடான எஞ்சினை நிறுத்தி உடனே ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. கஷ்டப்பட்டால் கவனம்.

சாதாரண அமுக்கமானி மூன்று அறைகளில் கூடியதை மட்டுமே காட்டும். 7.5, 7.4, 4.9 என்று இருந்தால் 7.5 மட்டும் தெரியும். மூன்று பிள்ளைகள் சோதனை எழுத, முதலாம் பிள்ளையின் புள்ளியை மட்டும் பார்ப்பதுபோல. ஆகவே றோட்டரிக்கென்றே உள்ள கருவியால் சோதிக்கும் கராஜுக்குப் போங்கள்.

சோதிக்கும் முறை:

1. எஞ்சின் சூடாகவும் பற்றரி முழுச் சார்ஜிலும் இருக்கவேண்டும்.
2. பெற்றோலும் தீப்பொறியும் வராமல் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கருவியைப் பூட்டுவார்கள்.
3. அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தபடி ஸ்ராட்டரைச் சில செக்கன் சுற்றுவார்கள்.
4. மற்ற றோட்டருக்கும் இப்படியே.

அளவுகளை நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். அந்த வேகத்தில் நல்ல எஞ்சினுக்கு 8.3 பார், 6.8க்குக் கீழே போகக்கூடாது. ஒரே றோட்டரின் அறைகளுக்கிடையே வித்தியாசம் 1.5 பாருக்குள்ளும், இரு றோட்டர்களுக்கிடையே 1 பாருக்குள்ளும் இருக்கவேண்டும். புதிதாகக் கட்டியதில் சீல் படியும்வரை சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு அறை மட்டும் விழுந்திருந்தால் வாங்கவேண்டாம்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். வியாபாரியிடம் வாங்கிய கார் பழுதென்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆனால் அவர் சொன்ன விவரம் உண்மையாக இருக்கவேண்டும். ஆகவே "எஞ்சின் புதிதாகக் கட்டியது" என்று வந்த விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள். பற்றுச்சீட்டும் எழுத்தில் கேளுங்கோ.

தம்பி ஆறு எண்களைக் கேட்டார். விற்கவந்தவர் சோதனைக்கே சம்மதிக்கவில்லை. தம்பியின் காசு தம்பியிடமே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால், காசு கொடுக்குமுன் எங்களிடம் வாருங்கள்.